கான்டெஸா 26 வாங்குவதா, வெஸ்டர்லி சென்டார் வாங்குவதா?

தென்கரை

வணக்கம், தென்கரை எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக நண்பர்களின் படகுகளில் கயிறு இழுத்துப் பழகிய பிறகு, இந்த வசந்தத்தில் சொந்தமாக ஒரு பழைய பாய்ப்படகு வாங்கிவிடலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. தேடித் தேடி இரண்டில் வந்து நிற்கிறேன். இரண்டும் ஏறத்தாழ 26 அடி. இரண்டும் இங்கிலாந்தின் தென்கரையில் கட்டப்பட்டவை. ஒன்றுக்கு 5,500 பவுண்டு, மற்றதற்கு 4,900 பவுண்டு கேட்கிறார்கள். ஆனால் ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறும்போது, இவை ஒரே கடலுக்காகச் செய்யப்பட்டவைதானா என்ற ஐயம் வருகிறது.

முதலாவது, 1973இல் கட்டிய கான்டெஸா 26. ஒடுங்கிய உடல், நீளமான ஏரா (படகின் அடியில் கீழ்நோக்கி இறங்கும் எடைக் கட்டை), பின்பக்கப் பலகையில் தொங்கும் சுக்கான். கரையில் தாங்கி வைத்திருந்த அதை அணியத்தின் (முன்முனையின்) பக்கமிருந்து பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. ஒன்பது குதிரைத்திறன் யான்மார் எஞ்சின், ஒற்றை சிலிண்டர். பாய்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியவில்லை. என் உயரம் 5 அடி 9 அங்குலம். கழிப்பறை அணியத்துப் படுக்கைகளுக்கு நடுவில், கதவு கிடையாது.

இரண்டாவது, 1976ஆம் ஆண்டின் சென்டார். இரட்டை ஏரா. அகலமான, உயரமான, கொஞ்சம் பெட்டி போன்ற தோற்றம். உள்ளே தாராளமாக நின்றேன். கதவோடு கழிப்பறை, சமைக்க ஒழுங்கான மேடை, ஐந்து பேர் படுக்க இடம். எஞ்சினை 2009இல் மாற்றியிருக்கிறார்கள். பாய்கள் துவண்ட துணியாக இருக்கின்றன. உட்கூரையில் ஒட்டியிருந்த வினைல் பல இடங்களில் கழன்று தொங்குகிறது.

நாங்கள் நான்கு பேர். மகள்களுக்குப் பத்து வயதும் ஆறு வயதும். சிச்செஸ்டர் துறைமுகத்தில் ஓதம் வற்றினால், அதாவது கடல்நீர் இறங்கினால், சேற்றில் அமரும் மூரிங் (படகைக் கட்டிவைக்கும் இடம்) ஒன்று கிடைத்திருக்கிறது. ஆழமான நீரில் இடம் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு கோடைகளில் சோலண்ட் நீரிணை, வைட் தீவு. அதன் பிறகு பிரான்சின் ஷெர்பூர்க் வரை போக ஆசை. எதை வாங்கலாம்?

நீரோட்டம்

கான்டெஸா. யோசிக்கவே வேண்டாம்.

டேவிட் சாட்லர் ஃபோக்போட் என்ற ஸ்காண்டிநேவியப் படகிலிருந்து வளர்த்தெடுத்த வடிவம் அது. லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் 1966 முதல் கட்டினார். பிறகு கனடாவிலும் உரிமம் பெற்றுக் கட்டினார்கள். டானியா ஏபி என்ற இளம்பெண் 18 வயதில், 1985இல், நியூயார்க்கிலிருந்து தனியாகக் கிளம்பி, கனடாவில் கட்டிய கான்டெஸா 26 ஒன்றில் உலகைச் சுற்றி 1987 நவம்பரில் திரும்பினார். கிளம்பும்போது அவருக்குப் பாயோட்ட அனுபவம் மிகக் குறைவு. தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் படகு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நான் பதினொரு ஆண்டுகள் ஒன்று வைத்திருந்தேன். ஹர்ஸ்ட் நீரிணையில் நீரோட்டம் நான்கு நாட்டுக்கு (மணிக்கு நான்கு கடல் மைலுக்கு) மேல் ஓடும்; எதிரே தென்மேற்குக் காற்று அடித்தால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக எழும். அந்த அலைகளில் என் படகு தலையை ஆட்டியதே இல்லை. கத்தி போல நுழைந்து வெளியே வரும். உயரமான பக்கங்கள் கொண்ட அகலப் படகுகள் அங்கே ஒவ்வொரு அலைக்கும் நின்று நின்று போவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

தாரகை

நீரோட்டம் ஐயா சொல்வது உண்மைதான், ஆனால் அவர் யாரோடு போனார் என்று சொல்லவில்லை.

நாங்கள் இரண்டு பிள்ளைகளோடு ஆறு கோடைகளாகச் சென்டாரில் போகிறோம். தென்கரை அண்ணா, நீங்கள் காற்றைப் பற்றியும் அலையைப் பற்றியும் நினைக்கிறீர்கள். நான் மழையை நினைக்கிறேன். ஆகஸ்ட் மாதத்தில் நியூடவுன் ஓடையில் நங்கூரமிட்டு, இரண்டு நாள் விடாத மழையில் நான்கு பேர் உள்ளே அடைந்து கிடந்தோம். ஈர உடைகள், ஈரத் துண்டுகள், ஒரு சீட்டுக்கட்டு, ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கதவில்லாத கழிப்பறையோடு அந்த இரண்டு நாளை ஓட்டியிருந்தால் மறு ஆண்டு படகில் கால் வைத்திருக்க மாட்டேன். உங்கள் மூத்த மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளில் அந்தக் கதவு எவ்வளவு முக்கியமாகும் என்பதை அண்ணியிடம் கேளுங்கள்.

கான்டெஸா விரைவில் சாயும், பக்கங்கள் தாழ்வு, தண்ணீர் உள்ளே தெறிக்கும். பழகியவர்களுக்கு அதுவே இன்பம். ஆறு வயதுக் குழந்தைக்கு அது முதல் நாளிலேயே பயமாகிவிடும். பயந்த குழந்தையைத் திரும்பப் படகுக்கு அழைத்து வர ஒரு வருடம் ஆகும். என் இளையவனுக்கு அப்படித்தான் ஆனது, அதுவும் நண்பரின் படகில் ஒரே ஒரு பிற்பகல் போய்வந்ததில்.

பிசின்கை

தொழிலாக ஃபைபர் கிளாஸ் படகுகளைப் பழுது பார்க்கிறேன். இரண்டையும் நிறையத் திறந்து பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதைத் தொடும் படகில் பெயரைவிட நிலைமைதான் முக்கியம். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

சென்டாரில் முதலில் ஏராக்களின் வேர். லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைப்பு நிறுவனத்தின் வரைவு. 1969 முதல் 1980 வரை 2,444 படகுகள் கட்டப்பட்டன. இரண்டு ஏராக்களும் வெளிப்புறமாக விரிந்து நிற்கின்றன. சேற்றில் அமரும்போது மூன்று டன் எடை அவற்றை இன்னும் வெளியே தள்ளப் பார்க்கும். தொடக்கக் காலப் படகுகள் பலவற்றில் ஏராவைப் பிடிக்கும் பகுதி இந்த வேலைக்குப் போதுமான விறைப்போடு இல்லை என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பிற்காலத்தில் உள்ளே குறுக்குவாட்டில் வலுவூட்டினார்கள். பழைய படகுகளிலும் உரிமையாளர்கள் செய்துகொண்டார்கள். ஆகவே இருக்கைகளின் அடிப்பலகைகளைக் கழற்றுங்கள். ஏரா போல்ட்டுகளைச் சுற்றித் துருக்கோடு வழிகிறதா, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொரு எளிய சோதனை. படகைப் பட்டைகளில் தூக்கித் தொங்கவிட்டிருக்கும்போது இரண்டு ஏராக்களின் நுனிகளுக்கு இடையே நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கீழே இறக்கி முழு எடையும் அமர்ந்தபின் மீண்டும் அளந்து பாருங்கள். கண்ணுக்கே தெரியும் அளவுக்கு விரிந்தால் பேச்சை நிறுத்திவிட்டு சர்வேயரை (படகை ஆய்வு செய்யும் நிபுணரை) கூப்பிடுங்கள். வேரைத் திருத்தும் செலவு படகின் விலையைத் தாண்டிவிடலாம்.

கான்டெஸாவில் அந்தக் கவலை இல்லை. உடலும் ஏராவும் ஒரே வளைவாகக் கீழே இறங்குகின்றன. அங்கே என் கண் மேல்தளத்தில்தான் இருக்கும். பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடங்கள், கயிறு சுற்றும் விஞ்ச்சுகளின் அடி, கைப்பிடிக் கம்பங்களின் திருகுகள். நடுவில் பால்சா மரம் வைத்து இரண்டு ஃபைபர் தோல்களால் மூடிய தளத்தில் இந்தத் துளைகள் வழியாக மழைநீர் இறங்கினால் உள்ளே மரம் கூழாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. சிறிய பிளாஸ்டிக் சுத்தியலோ திருப்புளியின் கைப்பிடியோ போதும், சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தளம் ‘டக், டக்’ என்று பேசும். கெட்ட இடத்தில் ‘பொத்’ என்று அமுங்கிய குரல் வரும். ஒருமுறை கேட்டால் காது மறக்காது.

உட்கூரை வினைல் தொங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதன் பின்னால் இருக்கும் நுரை காலப்போக்கில் பொடியாகிறது. அருவருப்பான வேலை, ஆனால் ஒரு குளிர்காலத்தில் கையாலேயே முடித்துவிடலாம்.

வல்வைப் பேரன்

பிசின்கை தம்பியின் பதிவைப் படித்ததும் என் தாத்தாவின் விரல் முட்டி நினைவுக்கு வந்தது. வல்வெட்டித்துறையில் கட்டுமரத்திலிருந்து பாய்க்கப்பல் வரை பார்த்தவர். அங்கே கட்டிய வேப்பமரக் கப்பல் அன்னபூரணி, பெயர் மாறி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போய்ச் சேர்ந்தது. தாத்தா எந்தப் படகின் பக்கத்தில் போனாலும் முதலில் பேச மாட்டார். முட்டியால் தட்டிக் கேட்டுக்கொண்டே அணியத்திலிருந்து பின்புறம் வரை நடப்பார். மரம் போய் ஃபைபர் வந்தாலும் காது செய்யும் வேலை அதேதான்.

நான் சொல்ல வந்தது மூரிங்கைப் பற்றி. தென்கரை, நீங்கள் எழுதியதில் மிக முக்கியமான வரி கடைசிப் பத்தியில் இருக்கிறது: வற்றினால் சேற்றில் அமரும் இடம். சென்டாருக்கு மூன்று அடித் தண்ணீர் போதும்; வற்றியதும் இரண்டு கால்களில் நேராக உட்காரும். கான்டெஸாவுக்கு நான்கு அடி வேண்டும். வற்றினால் பக்கவாட்டில் சாயும். மென்சேற்றில் ஏரா தானே புதைந்து நிமிர்ந்து நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் குறிப்பிட்ட இடத்தின் சேற்றில் முழங்கால் வரை இறங்கிப் பார்க்காமல் அதை நம்பாதீர்கள். பக்கங்களில் தாங்குகால்கள் பூட்டலாம்தான். நீங்கள் கரையில் வேலையில் இருக்கும்போது, ஒரு நாளைக்கு இரண்டு ஓதம், வருடம் முழுவதும் அந்தக் கால்களை நம்பிப் படகை விட்டுவைக்க மனம் வருமா?

ஒரு அடி ஆழ வேறுபாடு காகிதத்தில் சின்னது. துறைமுகத்தின் மேல்பகுதியில் அது உங்களுக்குப் படகு மிதக்கும் நேரத்தையே கூட்டிக் குறைக்கும்.

நீரோட்டம்

மூரிங் பற்றி ஐயா சொல்வதை ஏற்கிறேன். அந்த வரியை நான் கவனிக்காமல் கடந்துவிட்டேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சிச்செஸ்டரின் வாயில் மணல்திட்டு இருக்கிறது. ஓதம் வெளியே வடியும்போது எதிரே பலத்த தெற்குக் காற்று அடித்தால் அந்த இடத்தில் அலைகள் உடையும். அங்கே ஆபத்தில் சிக்கிய படகுகள் பல. அன்றைக்கு எதிர்காற்றில் ஏறி வெளியேறும் திறன் இல்லாத படகில் பிள்ளைகளோடு இருக்க வேண்டுமா?

தாரகை

அன்றைக்கு எந்தப் படகிலும் இருக்கக் கூடாது, ஐயா. அந்தக் காற்றில் நாங்கள் ஈஸ்ட் ஹெட் மணலில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருப்போம்.

இரட்டை ஏராப் படகு எதிர்காற்றில் ஏறாது என்பது பழைய பேச்சு. சென்டாரின் ஏராக்களைத் தொட்டியில் மாதிரி வைத்துச் சோதித்து, சற்றே உள்நோக்கித் திருப்பி வைத்தார்கள். பந்தயப் படகு போல ஏறாது, அது சரி. ஒழுங்கான பாய்கள் இருந்தால் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். தென்கரை அண்ணா பார்த்த படகில் பாய்கள் துவண்டு போயிருக்கின்றன என்பதுதான் எனக்குக் கவலை. அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

தென்கரை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக இந்தப் பதில்களைத் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு அலைந்தேன். இரண்டு உரிமையாளர்களும் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள்.

கான்டெஸாவில் நானும் உரிமையாளரும் மட்டும் போனோம். தென்மேற்குக் காற்று, 15 நாட்டுக்கு மேல். முன்பாயை இழுத்துக் கட்டியதும் படகு ஒரு தோளைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கிளம்பியது. சுக்கான் பிடி இரண்டு விரலுக்கு அடங்கியது. பின்னால் தண்ணீர் சுழன்று பிரியும் ஓசை உட்காரும் பலகை வழியாக முதுகுக்கு ஏறியது. நீரோட்டம் ஐயா பதினொரு ஆண்டுகள் ஏன் வைத்திருந்தார் என்பது பத்தே நிமிடத்தில் புரிந்தது. திரும்பி வரும்போது எஞ்சினில் பின்னோக்கிச் செலுத்தி நிறுத்தப் பார்த்தோம். நாங்கள் இடப்பக்கம் வேண்டினோம், அது வலப்பக்கம் போனது. நீள ஏராவின் இயல்பு அது என்று உரிமையாளர் அமைதியாகச் சொன்னார்.

கரைக்கு வந்ததும் அனுமதி கேட்டுத் தளத்தைத் தட்டினேன். டக், டக், டக். வலப்பக்கம் பாய்மரக் கம்பி இறங்கும் தகட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ‘பொத்’. உரிமையாளருக்கே அப்போதுதான் தெரிந்தது. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சென்டாரில் நால்வரும் போனோம். அதே அளவு காற்று. துவண்ட பாயோடு எதிர்காற்றில் மந்தமாகத்தான் ஏறியது. ஒவ்வொரு கோசுக்கும் (காற்றை மறுபக்கத்தில் வாங்கத் திரும்புவதற்கும்) கொஞ்சம் பொறுமை வேண்டியிருந்தது. பக்கக்காற்றுக்குத் திரும்பியதும் ஐந்து நாட்டில் நிதானமாக ஓடியது. இரண்டுக்கும் நீர்மட்ட நீளம் ஏறக்குறைய 21 அடிதான். ஆகவே எதுவாக இருந்தாலும் ஆறு நாட்டுக்கு மேல் பெரிதாகப் போகப் போவதில்லை. நீடில்ஸ் பாறைகளிலிருந்து ஷெர்பூர்க் ஏறத்தாழ 60 கடல் மைல். ஐந்து நாட்டில் 12 மணி நேரம். அந்த 12 மணி நேரத்தை நான்கு பேரோடு எங்கே உட்கார்ந்து கழிப்பது என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் உள்ளே போய்ப் படம் வரைந்தாள், பிறகு தூங்கிவிட்டாள். மனைவி தேநீர் போட்டு நான்கு குவளைகளில் கொடுத்தாள், ஒன்றும் கொட்டவில்லை.

சர்வேக்குச் சொல்லிவிட்டேன். சென்டாருக்கு.

பழைய நங்கூரம்

சர்வேக்கு முன்பே காகிதங்களைக் கேளுங்கள். பிரிட்டனின் சிறு கப்பல் பதிவேட்டில் எண் இருக்கிறது என்பதை உரிமைக்கான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பதிவு உரிமையை நிரூபிப்பதில்லை. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் விற்பனைப் பத்திரம் சங்கிலியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாட் வரி கட்டியதற்கான சான்று இருந்தால் பத்திரமாக வாங்கி வையுங்கள்; பிரான்சுக்குப் போகும் எண்ணம் இருப்பதால் சொல்கிறேன்.

பாய்மரக் கம்பிகளின் வயதையும் கேளுங்கள். பத்து ஆண்டுகளைத் தாண்டிய கம்பிகள் என்றால் பல காப்பீட்டாளர்கள் யோசிப்பார்கள். ரசீது இல்லாத கம்பிக்கு வயது தெரியாது, மாற்றத்தான் வேண்டும் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

தென்கரை

சர்வே முடிந்தது. பிசின்கை சொன்னபடி தொங்கும்போதும் இறக்கிய பின்பும் அளந்தோம்; நாடாவில் எழுதும் அளவுக்கு வேறுபாடு இல்லை. இருக்கைகளுக்கு அடியில் குறுக்குவாட்டில் ஃபைபர் வரிச்சுகள் போட்டு வலுவூட்டியிருக்கிறார்கள், கைத்திருத்தமாகச் செய்த வேலை என்று சர்வேயர் தடவிப் பார்த்துச் சொன்னார். அடிப்பகுதியில் சில ஆஸ்மாசிஸ் கொப்புளங்கள், ஃபைபருக்குள் நீர் ஊறுவதால் வருபவை. இந்த வயதில் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

கெட்ட செய்தியும் உண்டு. படகின் உடலைத் துளைத்துக் கடல்நீர் போய்வரும் வால்வுகளில் இரண்டு, சாதாரணப் பித்தளை. சர்வேயர் ஒன்றை லேசாகச் சுரண்டினார். மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தது. துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் பஞ்சு போல நிற்கிறது என்று அர்த்தமாம். கையால் திருகினாலே உடையலாம், உடைந்தால் கட்டைவிரல் பருமனுக்குக் கடல் உள்ளே வரும். அதைக் கேட்டபோது, சின்னவள் தூங்கிய படுக்கைக்கும் அந்த வால்வுக்கும் இடையே இருந்த தூரத்தை மனம் தானாக அளந்தது. தண்ணீரில் இறக்கும் முன் எல்லா வால்வுகளையும் வெண்கலத்தில் மாற்றுகிறேன். கம்பிகளுக்கு ரசீது இல்லை, அவையும் மாறுகின்றன. இவற்றையெல்லாம் எழுதிக் காட்டியதில் விலை 3,700க்கு இறங்கியது. புதிய பெரும்பாய்க்கு அடுத்த ஆண்டு.

கான்டெஸா உரிமையாளருக்கு நேற்று தொலைபேசியில் சொன்னேன். வருத்தப்பட்டார், கோபப்படவில்லை. தளத்தைத் திருத்த ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு தரத் தயார், ஆனால் ஓட்டத் தெரிந்த கையில்தான் கொடுப்பேன் என்றார்.

நீரோட்டம்

வாழ்த்துகள். நல்ல படகு வாங்கியிருக்கிறீர்கள், மனதாரச் சொல்கிறேன்.

அந்தக் கான்டெஸா உரிமையாளரின் எண்ணைத் தனிமடலில் அனுப்ப முடியுமா? முட்டி வலியால் படகை விற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. என் மருமகனும் கூட வருகிறேன் என்கிறான்.

தென்கரை

அனுப்பிவிட்டேன், ஐயா. சனிக்கிழமை போங்கள், அன்று அவர் படகு நிற்கும் முற்றத்திலேயே இருப்பார். வலப்பக்கத் தகட்டிலிருந்து பின்னோக்கி ஒரு சாண் தூரம் வரை நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மழையில் அழியாமல் இருந்தால் அதற்கு அப்பால் தட்டிப் பாருங்கள்.